உமியில் பொதிந்த சஹன்கள்

சாய்ந்தமருதில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் ஒரு கல்யாணம் பேசி முடிந்தால் முதலில் நாள் குறிப்பார்கள். அடுத்ததாகச் சுபைறாவிடம் சஹன் கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஆட்டுக்குச் சொல்லி வைப்பதும் சமையல்காரரைப் பிடிப்பதும் அதற்குப் பிறகுதான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்து உண்ணக்கூடிய அகன்ற பீங்கான் தட்டுகள் அவை. வெள்ளை நிறம்; விளிம்பைச் சுற்றி மங்கிய பச்சைக் கொடி. சுபைறா பாவாடை உடுத்தித் திரிந்த காலத்திலேயே, கொழும்பிலிருந்து வந்துபோன வியாபாரி ஒருவரிடம் அவருடைய உம்மா அவற்றைச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்திருந்தார். வீடும் மகளுக்கு, வளவும் மகளுக்கு, வீட்டுக்குள் இருக்கும் பீங்கானும் மகளுக்கு என்பதுதான் அந்தப் பக்கத்து முறை. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தால் போதும்.

அப்படி வந்து சேர்ந்தவர் முகைதீன்பாவா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த வூட்டுக்கு வந்த நாளில இருந்து ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் உத்தரவு கேட்டுத்தான் அடிச்சிரிக்கன்" என்று கூட்டாளிமாரிடம் சொல்லிச் சிரிப்பார். சுபைறாவும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

சஹன் கொடுப்பதற்குச் சுபைறா வாடகை வாங்கியதில்லை. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கும்போது இடையில் துணி வைக்க வேண்டும். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் திரும்பி வர வேண்டும். உடைந்துவிட்டால் மட்டும் ஏச்சு இல்லை. "பீங்கானுக்கும் ஒரு அஜல் இரிக்கி. அதுக்கு எழுதின நேரம் வந்திட்டு" என்று முடித்துவிடுவார். சஹன்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே சுபைறாவும் போவார். அந்த வீட்டு அடுப்படியில் நின்று, சோறு எவ்வளவு, இறைச்சி எவ்வளவு, எந்தச் சஹனுக்கு யார் என்று அவர்தான் சொல்வார். பந்திகள் எல்லாம் எழும்பிய பிறகு, அடிச்சட்டியில் இருப்பதைக் கோப்பையொன்றில் போட்டு நின்றபடியே தின்பார். சொந்தச் சஹனைச் சுற்றி அவர் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

கல்முனைக் கடைகளில் பிளாஸ்டிக் கதிரையும் தகரச் சஹனும் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய பின்பும் இந்த வழக்கம் முற்றாக நின்றுவிடவில்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் இருக்கும் பந்திக்காவது பச்சைக் கொடிச் சஹன் வேண்டும் என்று கேட்டு வருவார்கள்.

ஒரே மகள் அஸ்னா மெல்பேர்னில் இருந்தாள். கணவனும் ஒரு குழந்தையும். பெற்றோரைத் தன்னோடு எடுத்துக்கொள்ள அவள் கொடுத்த விண்ணப்பம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து ஒருவழியாகச் சரிவந்தது. போவது என்றால் போய்வருவதல்ல, இனி அங்கேதான். வீட்டை ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசியாகிவிட்டது. விமானத்தில் கொண்டுபோக முடியாதவற்றைக் கப்பலில் அனுப்பலாம், ஆனால் ஒரு பெட்டிதான் என்று அஸ்னா சொல்லியிருந்தாள்.

"என்ன சாமான் உம்மா வைக்கப் போறீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"சஹன்."

"எத்தின?"

"இரிக்கிற எல்லாம்."

"உம்மா, இஞ்ச நாங்க மூணு பேர். அவர் வேலைக்குப் போற நேரம் ஒண்டு, நான் போற நேரம் ஒண்டு. ஒண்டா இருந்து தின்றதே ஞாயித்துக்கிழமதான். சஹன்ல ஆர் இருந்து தின்ற?"

"ஆளில்லாட்டி ஆளக் கூப்பிடுவம்."

"உங்களுக்கு இஞ்ச ஒரு அறை, வாப்பாக்கு ஒரு அலுமாரி, எல்லாம் ஒழுங்குபடுத்தி வெச்சிரிக்கன். நீங்க சும்மா வந்து இரிந்தாக் காணும்."

சும்மா வந்து இருப்பது. அதுதான் சுபைறாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் அடுப்படி உம்மாவினுடையதாகவே இருக்கும் ஊரில் வாழ்ந்தவர் அவர். மெல்பேர்னில் வீடு மருமகன் வங்கியில் கடன்பட்டு வாங்கியது, அடுப்படி மகளுடையது, சட்டி முட்டிகூட அவள் பார்த்து வாங்கியவை. வெறுங்கையோடு போய் இறங்கினால் தான் அங்கே விருந்தாளி. விருந்தாளியாக ஒரு கிழமை இருக்கலாம், ஒரு மாதம் இருக்கலாம்; சாகும்வரை எப்படி இருப்பது? சஹன்கள் கூட வந்தால் கதை வேறு. பெருநாளைக்கு நாலு குடும்பம் கூடும். அங்குள்ள நம் ஆட்கள் யாராவது கேட்டு வருவார்கள். எடுத்துக் கொடுக்கத் தன்னிடம் ஒன்று இருக்கும்.

"பீங்கான் வராட்டி நானும் வரல்ல" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை முகைதீன்பாவாவின் கையில் கொடுத்தார் சுபைறா. அது வெறும் மிரட்டல் அல்ல என்பது அந்த மனிதருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கல்முனையில் கப்பல் வழியாகச் சாமான் அனுப்பும் முகவர் றிம்சான். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்திறங்கும் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துத் தொழில் பழகியவர். ஊரை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்களின் பெட்டிகள் அவருக்கு இப்போதுதான் பழகி வருகின்றன. மருந்தடித்து முத்திரை குத்திய பலகைப் பெட்டியொன்றை விறாந்தையில் இறக்கி, கூடவே காற்றுக் குமிழ்கள் வைத்த பிளாஸ்டிக் தாள் ஒரு சுருளையும் போட்டார்.

"உம்மா, அவுஸ்திரேலியாக்காரன் மண்ணுக்கும் பூச்சிக்கும் சரியான பயம். செருப்புல மண் இரிந்தாலும் உடமாட்டான். எல்லாத்தயும் கழுவித் துடைச்சி வைங்க. வியாழக்கிழமை வந்து பாக்கிறன்."

அவர் போன பிறகு சுபைறா அந்தத் தாளின் ஒரு குமிழை விரலால் அழுத்திப் பார்த்தார். அது பட்டென்று வெடித்து அடங்கியது.

"காத்த நம்பிப் பீங்கான அனுப்புறதா? இது கல்முனைச் சந்தி தாண்டாது" என்றார்.

அவருக்குத் தெரிந்த பொதிமுறை ஒன்றுதான்: உமி. பிள்ளை பெற்ற மகளுக்கு முட்டை அனுப்புவதென்றாலும், லாம்புச் சிமினி வாங்கி வருவதென்றாலும், வயலும் ஆலையும் சூழ்ந்த அந்தப் பக்கத்தில் எல்லாரும் உமியில் புதைத்துத்தான் அனுப்புவார்கள். அடியில் ஒரு சாண் உமி, மேலே பீங்கான், இடுக்கெல்லாம் உமி, அதன் மேல் மறுபடி பீங்கான். மாட்டு வண்டி குடைசாய்ந்தும் ஒரு முட்டை உடையாத கதைகள் அங்கே ஏராளம். முகைதீன்பாவா ஆட்டோ பிடித்து மாவடிப்பள்ளி அரிசி ஆலைக்குப் போய் நான்கு சாக்கு உமி கொண்டுவந்தார். சுபைறா அதைச் சுளகில் புடைத்து, தூசு போக்கி, சீமெந்து முற்றத்தில் வெயிலில் பரப்பிக் காயவைத்தார். மண் இருக்கக் கூடாது என்றார்கள்; மண் இல்லை. பூச்சி இருக்கக் கூடாது என்றார்கள், பூச்சியும் இல்லை. உமி நெல்கூட அல்ல, நெல் கழற்றிப் போட்ட சட்டை. கணவனும் மனைவியும் இரண்டு நாளாக உட்கார்ந்து பெட்டியை நிறைத்தார்கள். சஹன்களுக்கு இடையில் கோப்பைகள், கோப்பைகளுக்கு இடையில் சேலைகள், சேலைகளின் மடிப்புக்குள்ளும் ஒரு பிடி உமி.

வியாழக்கிழமை வந்த றிம்சான், பெட்டியின் பாரம் பார்க்க ஒரு மூலையைச் சற்றே உயர்த்தினார். பலகை இடுக்கால் பொன்னிறமாகக் கொஞ்சம் சரசரவென்று கொட்டியது. குனிந்து, கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன உம்மா?"

"உமி" என்றார் சுபைறா. குரலில் பெருமை இருந்தது. "மாவடிப்பள்ளி உமி. மூணு தரம் புடைச்சது."

றிம்சான் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கட வாப்பாவும் முட்டை கொண்டு போறது உமியிலதான். அதால நான் ஏசவும் ஏலா. ஆனா உம்மா, அங்க நெல்லுச் சாதியில ஒண்டும் போகக் கூடாது. வைக்கல், உமி, தவிடு, ஒண்டும். பெட்டி இறங்கினதும் நாய் வந்து மணக்கும். மணந்தாப் புடிச்சிரும். மறுகா பெட்டியோட எரிப்பான், இல்லாட்டித் திருப்பி அனுப்புவான்."

எரிப்பதைவிட நாய்தான் சுபைறாவுக்கு முதலில் உறைத்தது. "நாயா? என்ட சஹனயா?"

"மணந்தாப் பறவாயில்ல சுபைறா" என்றார் முகைதீன்பாவா. "வாய் வெச்சாத்தான் ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணால." கொஞ்சம் யோசித்து, "அதுக்கும் அங்க மண்ணுக்கு எங்க போற. அதையும் உடமாட்டானாமே" என்றார்.

றிம்சான் சிரித்தார். சுபைறா சிரிக்கவில்லை.

"ஒரு வழி இரிக்கி" என்றார் றிம்சான். "லொறி சனிக்கிழமை காலையிலதான் கொழும்புக்குப் போகுது. அதுக்குள்ள எல்லாத்தயும் எடுத்து, ஒரு உமிகூட இல்லாமக் கழுவித் தந்தா நான் வேற பெட்டி தாறன். ஒரு உமிதான் எண்டு உட்டிராதீங்க. அவனுக்கு ஒண்டும் ஒண்டுதான், ஒரு மூடையும் ஒண்டுதான்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பின் வளவுக் கிணற்றடியில் சஹன் கழுவும் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டு நதீரா, சுபைறாவைவிடப் பத்து வயது இளையவள், வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ராத்தா, போகப் போற பொண்ணு ஆலையில வேலைக்குச் சேர்ந்திட்டாவா?" என்று கேட்டபடி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவள் வந்ததைக் கண்டு ஒழுங்கையில் இன்னும் சிலர் வந்தார்கள். கல்யாண வீட்டுக்கு மறுநாள்போல வளவு நிறைந்தது. சட்டி நிறையச் சவர்க்காரத் தண்ணீர், உலர்த்த விரித்த பாய், நடுவில் சுபைறா.

உமி லேசில் விடுகிற பொருள் அல்ல. சஹனின் அடியில் நிற்பதற்கென்று ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தின் இடுக்கில் பல ஆண்டு எண்ணெயும் புகையும் இறுகிப் போயிருந்தன. உமித்தூள் அதில் போய்ப் பசை வைத்ததுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பல் தீட்டும் பிரஷ் ஒன்றை வாங்கி வரச்செய்து ஒவ்வொரு சஹனையும் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைத் தேய்த்தார்கள். அவற்றின் அடிப்பக்கத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் தேய்த்தது அதுதான் முதல் தடவை.

அடிப்பக்கத்தில்தான் அடையாளம் இருக்கும். அந்த ஒழுங்கையில் பல பெண்கள் ஒரே வியாபாரியிடம் ஒரே பச்சைக் கொடிப் பீங்கானை வாங்கியவர்கள். ஒரு வீட்டு விசேடத்துக்கு நாலு வீட்டுப் பீங்கான் போகும்போது கலந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொருவரும் அடியில் பெயின்றால் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். சுபைறாவினுடையது இரண்டு சிவப்புப் புள்ளி. நதீரா வீட்டினுடையது ஒரு மஞ்சள் வளையம். ஆனால் வைத்த அடையாளத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் நாளடைவில் போய்விட்டது. சாமான் திரும்பி வந்தால் எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியென்றால் அடுக்கிவிடுவார்கள். ஒன்றுக்கு ஒன்று மாறிப் போனால் எண்ணிக்கை மாறாதே.

முதலில் கண்டவள் நதீராதான். தேய்த்துக்கொண்டிருந்த சஹனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். மஞ்சள் வளையம்.

"இஞ்ச பாருங்க. என்ட பீங்கான் விசா இல்லாம அவுஸ்திரேலியாக்குப் போகப் பாத்திரிக்கி."

பெண்கள் சிரித்தார்கள். சுபைறாவின் முகம் சுருங்கியது. "அல்லாவே, அடுத்தவங்கட ஹக்கயா நான் கப்பலேத்தப் பாத்தன்?"

"அப்ப உங்கட ஒண்டு என்ட வூட்டில கிடக்கும் ராத்தா. அத நீங்க எனக்கு ஹலாலாக்கித் தாங்க. இத நான் உங்களுக்கு ஹலாலாக்கித் தாறன். சரிதானே?"

ஒருவரின் உரிமை மற்றவரிடம் தெரியாமல் தங்கிவிட்டால் அதை மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தேன் என்று வாயால் சொல்லிவிடுவது, அதுதான் ஹலாலாக்குவது. நெடும்பயணம் போகிறவர்கள் இதைத் தீர்க்காமல் படி இறங்கமாட்டார்கள். சுபைறா வாயால் சொன்னார், நதீராவும் சொன்னாள். பிறகு பச்சைப் புள்ளி ஒன்று வந்தது, கறுப்புக் கோடு இரண்டு வந்தன. உரியவர்கள் அங்கேயே கையில் சவர்க்கார நுரையோடு குந்தியிருந்தார்கள். "எடுத்துட்டுப் போங்க ராத்தா, என்ட பீங்கானாவது பிளைற்... இல்ல, கப்பல் ஏறட்டும்" என்றாள் ஒருத்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் சுபைறாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சஹன்கள் தன்னுடையவை மட்டுமல்ல என்று ஆன பிறகு அவை இன்னும் கொண்டுபோக வேண்டியவையாகிவிட்டன என்றுகூட அவருக்குத் தோன்றியது.

கடைசி அடுக்கில் ஒன்றைச் சுபைறாவே தேய்த்தார். கருமை விலகி, அடியில் நீல நிறத்தில் ஒரு சிறிய மீன் வால் தெரிந்தது. அவருடைய கை நின்றுவிட்டது. நதீரா எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் பகிடி விடவில்லை.

அது ஸைனம்புவின் அடையாளம். கடற்கரையை ஒட்டிய வீடு. கணவனுக்கு இரண்டு வள்ளம். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றில் தென்னோலை ஈர்க்கைத் தொட்டு அவள் அந்த வாலை வரைந்தாள். சுபைறாவும் அவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மீன் பட்டால் ஸைனம்பு வீட்டிலிருந்து மீன் வரும். வயல் வெட்டினால் சுபைறா வீட்டிலிருந்து அரிசி போகும். சண்டை வந்தால் இரண்டும் நிற்கும். சண்டை தீர்ந்தது என்பதை மீன் வந்துதான் எல்லாரும் அறிவார்கள். சிரிக்கத் தொடங்கினால் ஸைனம்புவால் நிறுத்த முடியாது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமத்திக்கொண்டு சிரிப்பாள்.

சுபைறாவின் உம்மா மௌத்தாகி ஓராண்டு நிறைவுக்குக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தபோது ஸைனம்புதான் தன் சஹன்களைக் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் முடிந்து, இதே கிணற்றடியில் இருவரும் இருந்து கழுவினார்கள். "எண்ணிப் பாத்தியா?" என்று ஸைனம்பு கேட்டாள். "எண்ணிட்டன், கொண்டு போ" என்றார் சுபைறா. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அந்த ஒழுங்கையின் மேல் அந்தத்தில் தண்ணீர் முழங்கால் அளவு. கீழ் அந்தத்தில் வீடுகளே இல்லை. ஸைனம்புவும் கணவனும் மூத்த மகளும் போனார்கள். நிந்தவூரில் மாமி வீட்டுக்குப் போயிருந்த சின்ன மகன் முஸ்தாக் மட்டும் மிஞ்சினான். வீடு நின்ற இடத்தில் ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை.

அப்படியானால் சுபைறாவின் சஹன் ஒன்று கடலுக்குள் போயிருக்கிறது. ஸைனம்புவின் சஹன் ஒன்று இருபது வருடமாகச் சுபைறாவின் அடுக்கில் இருந்திருக்கிறது. ஊர்ப் பந்திகளுக்கெல்லாம் போய் வந்திருக்கிறது.

"இத ஆரு எனக்கு ஹலாலாக்கித் தாற?" என்றார் சுபைறா.

"மௌத்தானவங்கட ஹக்கு புள்ளைக்குத்தானே ராத்தா" என்றாள் நதீரா மெதுவாக.

ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த முகைதீன்பாவாவிடம் விசயம் போனது. "முஸ்தாக் நிந்தவூர்லதான் கல்யாணம் முடிச்சி இரிக்கான். நம்பர் எடுக்கலாம். போன்ல கேப்பம்" என்றார்.

"போன்ல கேட்டா, 'ஓம் மாமி, வெச்சிக்கொள்ளுங்க' எண்டுதான் சொல்லுவான். கண்ணால காணாமச் சொல்லுற ஹலால் என்ன ஹலால்?"

"நாளைக்கு லொறி வருது சுபைறா."

"அதுக்குத்தான் இண்டைக்குப் போறம்."

சொல்லாத ஒன்றும் அவருக்குள் இருந்தது. முஸ்தாக் கண்ணால் கண்ட பிறகும், வைத்துக்கொள்ளுங்கள் மாமி என்று சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார். அத்தனை சஹன்களிலும் கட்டாயம் கொண்டுபோக வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவருடைய மனம் முடிவு கட்டிவிட்டது. மற்றவை அங்கே அடுக்கில் இருக்கும். இது இருந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பதுபோல.

ஜும்ஆ முடிந்ததும் ஆட்டோவில் புறப்பட்டார்கள். சஹனைப் பெரிய துவாயில் சுற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார் சுபைறா. காரைதீவு தாண்டியும் பிடி தளரவில்லை.

முஸ்தாக் மோட்டார் சைக்கிள் திருத்துபவன். வீடு மனைவி றுஸ்னாவினுடையது. கடையும் அவளுடைய வாப்பா கொடுத்த வளவின் முன்பக்கம். அவன் கைகளை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு வந்து, "மாமி, பயணம் சொல்ல வந்தீங்களா? நானே வந்திருப்பனே" என்றான். சிரித்தபோது அப்படியே ஸைனம்பு.

சுபைறா துவாயை அவிழ்த்து, சஹனைக் கவிழ்த்துப் பாயில் வைத்தார். "இத ஒருக்காப் பாரு மனெ."

அவனுக்கு விளங்கவில்லை. பீங்கானைப் பார்த்தான், சுபைறாவைப் பார்த்தான். பிறகு குனிந்து அந்த நீல வாலைப் பெருவிரலால் தடவினான். சாமான் பார்த்துப் பழகிய விரல்.

"வள்ளத்துப் பெயின்ற்" என்றான். "வாப்பாட வள்ளம் இந்த நீலம்தான்."

"உங்கட உம்மா வரைஞ்சது. ஈர்க்கால. என்ட பீங்கானோட மாறிக் கிடந்திரிக்கி. நேத்து வரைக்கும் எனக்குத் தெரியா. இண்டைக்குக் கழுவக்குள்ளதான் கண்டன்."

முஸ்தாக் சஹனை நிமிர்த்தி, சாரத்தின் தலைப்பால் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த பீங்கான். ஆனாலும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவருகே நின்ற றுஸ்னாதான் பேசினாள்.

"கல்யாணம் முடிச்சி எட்டு வருசம், மாமி. இந்த வூட்டில கட்டில் என்ட, அலுமாரி என்ட, கதவுல தொங்குற திரைச்சீலை என்ட உம்மாட. இவர் ஒரு சேட்டும் சாவியுமாத்தான் வந்தவர். இண்டைக்குத்தான் மாப்பிள்ளை வூட்டுச் சாமான் வந்திரிக்கி."

முஸ்தாக் சிரித்தான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா மாமி? இனி எனக்கும் இந்த வூட்டில ஒரு கதை இரிக்கி" என்றான். அப்புறம் குரல் தாழ்ந்தது. "நீங்க கொண்டு போகவெண்டு எடுத்து வெச்ச சாமான் எல்லோ? உங்களுக்கு விருப்பமெண்டாக் கொண்டு போங்க. நீங்களும் உம்மா மாதிரித்தான். நான் மனசோட ஹலாலாக்கித் தாறன்."

வழி நெடுக எதிர்பார்த்து வந்த வார்த்தை அதுதான். அவன் அதைச் சொல்லும்போது கை சஹனின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தது.

"எனக்கு என்னத்துக்கு மனெ" என்றார் சுபைறா. "என்ட எண்ணிக்கை சரியா இரிக்கி."

முகைதீன்பாவா மனைவியை ஒருதரம் பார்த்தார். எண்ணிக்கை சரியில்லை என்பது அவருக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே தெருவைப் பார்த்தார்.

றுஸ்னா உள்ளே போனாள். வெள்ளிக்கிழமைச் சோறு, பாரைமீன் ஆணம், பொரித்த கத்தரிக்காய். சஹனை வாங்கிக் கொண்டுபோய் அலசி, சோற்றை அதில் மலையாகக் கொட்டி, நடுவில் ஆணத்தை ஊற்றிக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். ஆண்கள் முதல், பெண்கள் பிறகு என்பதுதான் அங்கும் வழக்கம். ஆனால் சஹன் ஒன்றுதான் இருந்தது. முஸ்தாக் எல்லாரையும் ஒரே பாயில் இருத்தினான். அவனுடைய சின்ன மகள், பெயரும் ஸைனம்பு, இவ்வளவு பெரிய தட்டை அதுவரை கண்டிராதவள், எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சஹனை ஒருதரம் சுற்றி வந்தாள்.

சுபைறா எழும்பப் பார்த்தார். ஆணம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும், தண்ணீர் எடுத்து வைக்கவில்லை, அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணில் பட்டுவிட்டன.

"இருங்க மாமி" என்றாள் றுஸ்னா. அவருடைய தோளில் கை வைத்து அமத்தினாள். "நீங்க எங்கட விருந்தாளி. அசையப்படாது."

சுபைறா உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார். முஸ்தாக் மீனில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து அவருடைய பக்கம் தள்ளினான். அவருடைய விரல்கள் பழக்கத்தில் அதைப் பிள்ளையின் பக்கம் தள்ளின. றுஸ்னா அதைத் திருப்பித் தள்ளினாள். சுபைறா மறுபடி பிள்ளையின் பக்கம் தள்ளினார். சின்ன ஸைனம்புவுக்கு அது விளையாட்டென்று பட்டிருக்க வேண்டும். தன் பங்குக்கு அவளும் அந்தத் துண்டை ஒரு விரலால் சோற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுபைறாவின் விரல்களுக்குக் கீழே சேர்த்துவிட்டு, தின்கிறாரா என்று முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

முகைதீன்பாவாவின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. இடது கையால் எடுத்துக் கேட்டுவிட்டு, "றிம்சான். நாளைக்கு லொறி வரட்டுமா எண்டு கேக்கான். என்ன சொல்ல?" என்றார்.

சுபைறா மீனில் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். துண்டைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்து, மென்று, விழுங்கினார்.

"வரச் சொல்லுங்க" என்றார். "நான் தின்னிட்டு வாறன்."